அரிதாக வரும் பெரிய ஃபிரேம்: காணொலிப் பேச்சின் புள்ளியியல்

காணொலிக் கூட்டத்தின் தரவு ஒரு கம்பியில் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கணிதத்தில் பிடிக்கும் முயற்சி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. அந்த வரலாற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது 1992 மார்ச்சில் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹேமன், தபதபாய், லக்‌ஷ்மன் ஆகிய மூவரும் அரை மணி நேரக் காணொலிக் கூட்டம் ஒன்றின் உண்மையான தரவை ஃபிரேம் ஃபிரேமாக எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த எண்களுக்கு ஒரு கணித மாதிரியைப் பொருத்தினார்கள். புள்ளியியல் சோதனைகளில் அது நன்றாகவே தேறியது. ஆனால் பல கூட்டங்கள் ஒரே கம்பியைப் பகிரும்போது எவ்வளவு தரவு தொலையும் என்று அதே மாதிரியை வைத்துக் கணக்கிட்டால் விடை சரிவரவில்லை. தரவோடு இவ்வளவு இசைந்த மாதிரி, கேட்ட கேள்விக்கு மட்டும் ஏன் தவறாகப் பதில் சொன்னது? இந்தத் துறையின் சாரம் முழுதும் அதில் இருப்பதாகவே நினைக்கிறேன்.

தொலைபேசிக் காலத்தில் இப்படி ஒரு சிக்கல் எழவில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங், 1909லும் 1917லும் வெளியிட்ட ஆய்வுகளில் அதற்கான கணிதத்தை வகுத்துவிட்டார். அழைப்புகள் எந்த வேகத்தில் வருகின்றன, சராசரியாக எவ்வளவு நேரம் நீள்கின்றன என்ற இரண்டும் தெரிந்தால் எத்தனை இணைப்புகள் வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஓர் அழைப்பு தொடங்கிய பின் அதற்குள் என்ன நடக்கிறது என்பது பொறியாளருக்குத் தேவையே இல்லை. குரல் எண்முறைக்கு மாறிய பிறகும் இது மாறவில்லை. நொடிக்கு 8000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 8 பிட். ஆக 64 கிலோபிட். பேசினாலும் பேசாமல் இருந்தாலும் அதே அளவு.

காணொலி வேறு இயல்புடையது. ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக அனுப்பினால் சாதாரணக் கம்பி தாங்காது. அதனால் குறியாக்கி, முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்புகிறது. பேசுபவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அனுப்ப வேண்டியது மிகக் குறைவு. அவர் தலையைத் திருப்பினாலோ, கையை வீசினாலோ, பின்னால் ஒருவர் நடந்து போனாலோ அந்த ஃபிரேம் திடீரென்று பல மடங்கு பெரிதாகும். இப்படி ஒரே அழைப்புக்குள் தரவின் அளவு நொடிக்கு நொடி மாறுகிறது. எர்லாங்கின் கணக்கு கண்டுகொள்ளாமல் விட்ட இடத்தில்தான் இப்போது முழுச் சிக்கலும் இருக்கிறது.

இந்த ஏற்ற இறக்கத்தை 1980களின் இறுதியில் பொறியாளர்கள் ஒரு வாய்ப்பாகவே பார்த்தார்கள். கல்யாண மண்டபத்தில் வந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இலை போட இடம் வைப்பதில்லை. எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்பது தெரியும். கம்பியைப் பகிரும் அழைப்புகளும் அப்படித்தான். ஒருவர் அசையும்போது இன்னொருவர் சும்மா இருப்பார். இந்த ஆதாயம் எவ்வளவு பெரியது என்பதை ஓர் எளிய கணக்கில் காட்டலாம். ஓர் அழைப்பின் சராசரி வேகம் 1 அலகு, திட்டவிலக்கம் 0.5 அலகு என்று கொள்வோம். சராசரிக்கு மேல் நான்கு திட்டவிலக்கம் வரை இடம் ஒதுக்குவது நம் விதி என்றால், தனி அழைப்புக்கு 3 அலகு தேவை. ஒன்றையொன்று சாராத 100 அழைப்புகளைச் சேர்த்தால் மொத்தச் சராசரி 100, திட்டவிலக்கம் 5 மட்டுமே. ஆகவே 120 அலகு போதும். ஓர் அழைப்புக்கு 1.2. மூன்று 1.2 ஆகக் குறைகிறது.

அந்தக் காலத்தில் உருவான ஏடிஎம் என்ற வலையமைப்புத் தொழில்நுட்பம் (வங்கி இயந்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை) இந்த ஆதாயத்தை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. எல்லாத் தரவும் 53 பைட் கொண்ட சின்னஞ்சிறு செல்களாக வெட்டப்படும். 48 பைட் சரக்கு, 5 பைட் முகவரித் தகவல். செல்கள் ஒரே நேரத்தில் குவிந்தால், இணைப்பு முனையில் உள்ள இடைநினைவகத்தில் வரிசையில் காத்திருக்கும். அதுவும் நிரம்பினால் வருவது தொலையும். நினைவகத்தைப் பெரிதாக வைத்தால் என்ன என்று தோன்றலாம். உரையாடல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுக்குப் பாதகமில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். குறியாக்கம், பயணம், திரையில் விரித்தல் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு போக, வழியில் உள்ள ஒவ்வொரு முனைக்கும் மிஞ்சுவது சில மில்லி நொடிகள். 45 மெகாபிட் கம்பியில் 10 மில்லி நொடிக் காத்திருப்பு என்றால் ஏறக்குறைய 1060 செல்கள்தான். அதற்குமேல் சேமிப்பதில் பயனில்லை. தாமதமாக வந்த முகபாவனை உரையாடலுக்கு உதவாது.

முதல் செல்வாக்குள்ள மாதிரி 1988இல் வந்தது. மக்லாரிஸ் உள்ளிட்ட ஐவர் எழுதிய கட்டுரை, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் பத்து நொடிக் காட்சியை எடுத்துக்கொண்டது. நொடிக்கு 30 வீதம் 300 ஃபிரேம்கள். தலையும் தோளும் மட்டும் தெரியும் காட்சி. அடுத்த ஃபிரேமின் அளவு என்பது, இந்த ஃபிரேமின் அளவில் 0.8781 பங்கோடு இயல்நிலைப் பரவலிலிருந்து எடுத்த ஒரு சீரற்ற எண்ணைத் தகுந்த அளவில் சேர்த்தது. அவ்வளவுதான் மாதிரி. இந்த 0.8781 என்பது நினைவின் அளவு: ஏறக்குறைய எட்டு ஃபிரேம்களில், அதாவது கால் நொடிக்குச் சற்று மேல், பழைய ஃபிரேமோடு உள்ள ஒட்டுறவு மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கிவிடும். மனித அசைவுக்கு இது பொருத்தமாகவே தோன்றுகிறது. தலையைத் திருப்ப எடுக்கும் நேரமும் அந்த அளவுதானே. அதே கட்டுரை, கணக்கிட வசதியாக இன்னொரு மாதிரியையும் தந்தது. ஒரு காணொலியை, தாமாகவே திறந்து மூடும் பல சிறு குழாய்களின் கூட்டாக மார்க்கோவ் சங்கிலியில் (அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்திருக்கும் கணித அமைப்பில்) காட்டுவது அது. அடுத்த பல ஆண்டுகளுக்கு இந்த 300 ஃபிரேம்களின் மேல் எத்தனையோ கோட்பாடுகள் எழுந்தன. கையில் இருந்த தரவு அவ்வளவுதான் என்பதை நினைத்தால், அந்தத் துணிவையும் அதிலிருந்த ஆபத்தையும் ஒருசேர உணர முடிகிறது.

பெல்கோர் மூவரின் அரை மணி நேரத் தரவு இந்த இடத்தில்தான் நுழைகிறது. பத்து நொடியில் வராதது அரை மணி நேரத்தில் வரும். ஒரு ஃபிரேமுக்கு எத்தனை செல்கள் என்பதன் பரவல், இரு பக்கமும் சமமான மணி வடிவில் இல்லை. வலப்பக்கம் நீண்ட வால் இருந்தது. காமா பரவலோ, அதன் முழு எண் உறவான எதிர்மறை ஈருறுப்புப் பரவலோதான் அதற்குப் பொருந்தியது. வாலில் இருப்பவை அந்தப் பெரிய ஃபிரேம்கள்.

வால் எவ்வளவு முக்கியம் என்பதை மேலே சொன்ன எண்களை வைத்தே பார்க்கலாம். சராசரி 1, திட்டவிலக்கம் 0.5 கொண்ட இரண்டு பரவல்களை எடுப்போம். ஒன்று இயல்நிலைப் பரவல், மற்றது காமா. ஒரு ஃபிரேம் சராசரியைப் போல் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகும் வாய்ப்பு, இயல்நிலைப் பரவலில் லட்சத்துக்கு 3. காமாவில் பத்தாயிரத்துக்கு 23. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், முதல் கணக்கில் அப்படி ஒன்று சராசரியாக 21 நிமிடத்துக்கு ஒருமுறை வரும்; இரண்டாவதில் 17 நொடிக்கு ஒருமுறை. சராசரி, திட்டவிலக்கம் இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தும் இவ்வளவு வேறுபாடு. இடைநினைவகத்தை நிரப்புபவை இந்தப் பெரிய ஃபிரேம்கள். இழப்புக்கு முதன்மைக் காரணமும் அவையே. பெல்கோர் மூவர் முதலில் பொருத்திய, முந்தைய இரண்டு ஃபிரேம்களிலிருந்து அடுத்ததைச் சொல்லும் மாதிரி, தரவின் நடுப்பகுதியில் அழகாகப் பொருந்தி, அரிதான அந்த ஓரத்தில் சறுக்கியது. பொருத்தச் சோதனைகள் பெரும்பாலும் நடுப்பகுதியில் நடப்பவற்றைத்தான் எடைபோடுகின்றன. அங்கேதானே எண்கள் குவிந்து கிடக்கின்றன.

அவர்கள் முன்வைத்த மாற்று என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அது பல நிலை கொண்ட ஒரு மார்க்கோவ் சங்கிலி. அதற்கு மூன்று எண்கள் போதும்: சராசரி, மாறுபாடு, அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு இடையிலான ஒட்டுறவு. விதி இதுதான். ஒட்டுறவு 0.98 என்றால், 100க்கு 98 தடவை அடுத்த ஃபிரேம் இப்போதைய ஃபிரேமின் அதே அளவாகவே இருக்கும். மீதி இரண்டு தடவை, எதிர்மறை ஈருறுப்புப் பரவலிலிருந்து புதிதாக ஓர் எண் எடுக்கப்படும். இப்படிச் செய்தால் சராசரியாக 50 ஃபிரேம்கள், அதாவது நொடிக்கு 25 வீதம் இரண்டு நொடிகள், அளவு ஆடாமல் அசையாமல் நிற்கும். பிறகு சட்டென்று எங்கோ தாவும். உண்மையான எந்தக் காணொலியும் இப்படி நடந்துகொள்ளாது. வரைபடமாகப் போட்டால் படிக்கட்டுபோல் இருக்கும், உண்மைத் தரவோ மலைத்தொடர்போல் இருக்கும். ஆனாலும் பல அழைப்புகளைச் சேர்த்து இழப்பைக் கணக்கிட்டால், பார்வைக்கு ஒவ்வாத இந்த மாதிரிதான் சரியான விடைக்கு அருகே போனது. வாலை அது உள்ளபடியே வைத்திருந்தது. பெரிய ஃபிரேம்கள் தனித்தனியாக அல்லாமல் கூட்டமாக வரும் என்பதையும் அந்த ஒட்டுறவு எண் காத்தது. இழப்பைத் தீர்மானிக்கும் இந்த இரண்டும் சரியாக இருந்ததால், மற்ற பிழைகள் பல அழைப்புகளின் கூட்டில் கரைந்துபோயின.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. புள்ளியியல் இயல்பில் ஒரே மாதிரியான அழைப்புகள், ஒரே கம்பியைப் பகிர்ந்தும், வெவ்வேறு அளவு இழப்பைச் சந்தித்தன. காரணம் காலமுறை. ஒவ்வொரு குறியாக்கியும் 40 மில்லி நொடிக்கு ஒருமுறை, தனக்குரிய கணத்தில் ஃபிரேமை வெளியிடுகிறது. பலரது கணங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் உங்கள் அழைப்பும் தொடங்கிவிட்டால், அழைப்பு முடியும்வரை ஒவ்வொரு சுற்றிலும் நிரம்பிய நினைவகத்தில்தான் போய் நிற்பீர்கள். சராசரி இழப்பைப் பார்த்து வலையமைப்பு நலமாக இருக்கிறது என்று நிர்வாகி சொல்லும் அதே வேளையில், ஒருவருடைய கூட்டம் மட்டும் தொடர்ந்து சிதைந்துகொண்டிருக்கும். இடைநினைவகத்தில் வரிசையை வேறு விதமாக நடத்தி இந்த அநீதியைக் குறைக்க ஒரு வழியையும் அவர்கள் காட்டினார்கள். சராசரியை மட்டும் அறிவிக்கும் எந்த அளவீட்டிலும் இப்படி ஒருவர் மறைந்திருக்கக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து வந்தது நீண்ட நினைவு பற்றிய விவாதம்: வெகு நேரத்துக்கு முந்தைய தரவோடும் ஒட்டுறவு எளிதில் மறையாமல் தொடர்கிறதா என்பது. 1989 முதல் 1992 வரை பெல்கோரின் ஈதர்நெட் கம்பிகளில் எடுத்த துல்லியமான அளவீடுகளை வைத்து, லேலண்ட், டாக்கு, வில்லிங்கர், வில்சன் ஆகியோர் 1993இல் ஓர் அதிர்ச்சியான முடிவை வெளியிட்டனர். தரவுப் போக்குவரத்தை மில்லி நொடியில் பார்த்தாலும் நிமிடத்தில் பார்த்தாலும் அதே கொந்தளிப்பு தெரிகிறது. கால அளவு கூடினால் சமனாகிவிடும் என்ற நம்பிக்கை பொய்த்துவிட்டது. 1994இல் காரெட்டும் வில்லிங்கரும் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் இரண்டு மணி நேரத்தைக் குறியாக்கி அதே இயல்பைக் கண்டார்கள். 1995இல் பெரான் உள்ளிட்டோர் 20 காணொலித் தரவுத் தொகுப்புகளை ஆராய்ந்து, திரைப்படமானாலும் காணொலிக் கூட்டமானாலும், எந்தக் குறியாக்கியானாலும் நீண்ட நினைவு இருக்கிறது என்றனர். இந்த நினைவை அளக்கும் எண் ஹர்ஸ்டின் பெயரைத் தாங்குகிறது. எகிப்தில் நைல் நதியின் நீரியலில் நெடுங்காலம் உழைத்த ஹரோல்ட் எட்வின் ஹர்ஸ்ட், வெள்ள ஆண்டுகளும் வறட்சி ஆண்டுகளும் கொத்துக் கொத்தாக வருவதை 1951இல் காட்டினார். ஒன்றையொன்று சாராத ஆண்டுகள் என்று நம்பிக் கட்டும் அணை போதாது என்பது அதன் பொருள்.

அப்படியானால் சில ஃபிரேம்களை மட்டும் நினைவில் வைக்கும் மார்க்கோவ் மாதிரிகள் எல்லாம் வீணா? 1996இல் ஹேமனும் லக்‌ஷ்மனும் ஒரு பக்கமும், ரியூவும் எல்வாலிதும் இன்னொரு பக்கமும் தனித்தனியாக இதை ஆராய்ந்து ஏறக்குறைய ஒரே பதிலுக்கு வந்தனர். நீண்ட நினைவு தரவில் இருக்கிறது. ஆனால் சிறிய இடைநினைவகத்துக்கு அது பொருட்டல்ல. வரிசை ஒவ்வொரு முறை காலியாகும்போதும் கடந்த காலம் அழிந்துவிடுகிறது. நினைவகம் சில மில்லி நொடிகளில் நிரம்பி வடிவதென்றால், அதை நிரப்பும் நிகழ்வுகளும் ஒரு குறிப்பிட்ட கால எல்லைக்குள் அடங்கியவையே. அந்த எல்லைக்கு அப்பால் ஒட்டுறவு எப்படிப் போனாலும் இழப்பு மாறாது. ஹர்ஸ்டின் அணை பல பத்தாண்டுகளின் வெள்ளத்தையும் வறட்சியையும் சுமக்க வேண்டியது. அதன் கணக்கில் நூற்றாண்டு நினைவு அவசியம். காணொலி முனையின் நினைவகமோ உரையாடலின் அவசரத்தால் மறக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டது. தேக்கத்தின் கணிதம் இரண்டுக்கும் ஒன்றே, கால அளவு மட்டும் வேறு. விவாதம் இந்த இடத்தில் தீர்ந்துவிட்டது என்றே கருதுகிறேன். நீண்ட நினைவு உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், எந்தத் தேக்கத்துக்கு என்று கேட்க மறந்திருந்தார்கள்.

1997இல் ஹேமனே தம் படிக்கட்டு மாதிரியின் குறைக்குத் திரும்பினார். பல அழைப்புகளின் கூட்டுக்குப் போதுமான அது, தனி ஓர் அழைப்புக்குப் போதாது. காமா, பீட்டா என்ற இரண்டு பரவல்களையும் இணைத்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் மெல்ல ஏறி இறங்கும் ஒரு புதிய மாதிரியைத் தந்தார். வால் அப்படியே இருக்கும், படிக்கட்டு மறைந்துவிடும். அப்போது இது ஒரு நுட்பமான திருத்தமாகத்தான் தெரிந்திருக்கும். இன்றைய நிலையில் அதன் எடை கூடியிருக்கிறது.

ஏனென்றால் நெரிசல் நடக்கும் இடமே மாறிவிட்டது. ஏடிஎம் எதிர்பார்த்தபடி உலகை ஆளவில்லை. காணொலி இணையத்தின் பாக்கெட்டுகளில் ஏறிக்கொண்டது. 2020 ஊரடங்கில் ஐரோப்பிய, அமெரிக்க வலையமைப்புகள் சிலவற்றை அளந்தவர்கள், ஏறக்குறைய ஒரே வாரத்தில் போக்குவரத்து 15 முதல் 20 விழுக்காடு வரை உயர்ந்ததைக் கண்டனர். முதுகெலும்புக் கம்பிகள் அதைத் தாங்கின. அங்கே ஆயிரக்கணக்கான அழைப்புகள் சேர்வதால், மேலே கண்ட 1.2 அலகு கணக்கு செல்லும். சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வீட்டின் கடைசிக் கம்பியில், அதிலும் பதிவேற்றும் திசையில். அங்கே அப்பாவின் கூட்டம், மகளின் வகுப்பு என்று இரண்டோ மூன்றோ அழைப்புகள்தான். நூறு பேரின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்ற ஆறுதல் மூன்று பேருக்குக் கிடையாது. ஆகவே தனி அழைப்பின் நடத்தையைத்தான் சரியாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தனி அழைப்பும் இப்போது பழைய அழைப்பு இல்லை. 1990இன் எச்.261 என்ற காணொலிக் குறியாக்கத் தரநிலை, 64 கிலோபிட்டின் மடங்குகளில் தரவை அனுப்பியது. 2011இல் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்ட வெப்ஆர்டிசி போன்ற காணொலி அழைப்புத் தொழில்நுட்பங்கள் வலையமைப்பை ஓயாமல் உற்றுக் கவனிக்கின்றன. பாக்கெட்டுகள் வந்து சேரும் இடைவெளி நீளத் தொடங்கினாலே, எங்கோ வரிசை வளர்கிறது என்று ஊகித்துக் குறியாக்கியின் இலக்கு வேகத்தைக் குறைக்கின்றன. நிலைமை சீரானால் மெல்ல ஏற்றுகின்றன. திரையில் யாருடைய படம் பெரிதாக இருக்கிறது என்பதும் வேகத்தை மாற்றும். 1992இன் காமா பரவல் ஒருவரின் அசைவை அளந்தது. இன்று அளந்தால், அசைவும் கம்பியின் நெரிசலும் கட்டுப்பாட்டு நிரலின் முடிவுகளும் ஒன்றாகக் கலந்த எண்தான் கிடைக்கும். ஓர் இடத்தில் அளந்த பரவலை இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போனால் பொருந்தாது. அங்கே கம்பி வேறு என்பதால் எண்ணும் வேறாகிவிடும். இப்போதும் ஃபிரேம் அளவுகளின் வரைபடம் ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஒரு பரவலைப் பொருத்தி, பொருந்துகிறது என்று முடித்துவிடும் ஆய்வுகளைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. 1992இலேயே போதாது என்று காட்டப்பட்ட சோதனை அது. இழப்பு என்ற பழைய அளவுகோலும் இனிப் போதாது. நிரல் வேகத்தைக் குறைத்து இழப்பைத் தவிர்த்துவிடும். பார்ப்பவருக்கோ படம் மங்கும், அல்லது உறைந்து நிற்கும். படம் எத்தனை முறை, எவ்வளவு நேரம் உறைந்தது என்பதை ஒரு மாதிரி முன்கூட்டிச் சொல்கிறதா என்றுதான் இன்று சோதிக்க வேண்டும்.

அதற்குத் தரவு வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. அழைப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டவை, செய்யப்பட வேண்டியவையும்கூட. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல், ஜூம் பாக்கெட்டுகளின் வடிவத்தை வெளியிலிருந்தே ஆராய்ந்து, உள்ளடக்கத்தைத் தொடாமல் ஃபிரேம் வேகத்தையும் தரவு வரும் நேரத் தடுமாற்றத்தையும் மதிப்பிட முடியும் என்று தங்கள் வளாக வலையமைப்பில் காட்டினர். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டுப்பாட்டு நிரல் அந்தக் கணத்தில் என்ன இலக்கு வைத்திருந்தது என்பது தெரியாது. அது தெரியாமல் அசைவையும் நெரிசலையும் பிரிக்க முடியாது. செயலியை எழுதியவர்களிடம் அது இருக்கிறது. ஃபிரேமின் அளவு, அது புறப்பட்ட நேரம், அப்போதைய இலக்கு வேகம்: ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இந்த மூன்று எண்கள் போதும். முகமும் குரலும் பெயரும் அதில் வராது. வீட்டுக் கம்பியிலும் கைபேசி இணைப்பிலும் நடந்த சில நூறு மணி நேர அழைப்புகளிலிருந்து, கலந்துகொண்டவர்களின் ஒப்புதலோடு, அந்த மூன்று எண்களையும் நிறுவனங்கள் பொதுவில் வைத்தால் இந்தத் துறை மறுபடியும் வேலையைத் தொடங்கலாம்.